கிருமியின் உறக்கமும் ஆராய்ச்சியின் விழிப்பும்

மருந்தை முறையாக உண்ட நோயாளிக்கு நோய் திரும்பி வருமானால் குற்றம் யாருடையது? "பாதியில் நிறுத்தியிருப்பான்" என்று அவன்மேல் பழி போடுவார் ஒரு சாரார். "கிருமி மருந்தை வென்றுவிட்டது" என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. நோயாளி தவறவில்லை, கிருமியும் மருந்தை வெல்லவில்லை. மருந்து உடலில் இருந்த காலம் முழுவதும் கிருமிகளுள் சில செயலற்றுக் கிடந்தன. மருந்து நீங்கியதும் எழுந்தன.

இந்நிலை கண்டறியப்பட்டு எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு விளக்கம் செல்வாக்குப் பெற்று வருகிறது. கிருமியின் உடலுக்குள் புரதங்கள் திரண்டு கட்டியாவதே அதன் உறக்கத்துக்கு அடிப்படை என்பது அவ்விளக்கம். அது எவ்வளவு தூரம் நிறுவப்பட்டுள்ளது, எவ்விடத்தில் சான்றைக் கடந்து சொல்லின் வலிமையால் மட்டும் நடக்கிறது என்று சீர்தூக்கிப் பார்ப்பது அறிவியலில் ஆர்வமுடையார்க்குப் பயன் தரும்.

பிக்கர் கண்ட புதுமை

1944ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்னும் அயர்லாந்துப் பேராசிரியர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெனிசிலின் அக்காலத்தில் புதிய மருந்து. சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமிகளை அம்மருந்தில் இட்டுப் பார்த்தார் பிக்கர். ஏறத்தாழ எல்லாம் மடிந்தன. ஆயினும் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் சில எஞ்சின. எஞ்சியவற்றை எடுத்து வளர்த்து, அவற்றின் வழித்தோன்றல்களுக்கு மீண்டும் பெனிசிலின் கொடுத்தபோது, அவையும் தம் மூதாதையரைப் போலவே பெரும்பாலும் மடிந்தன; மீண்டும் மிகச் சிலவே எஞ்சின.

இதன் பொருள் என்ன? பிழைத்தவை பரம்பரை வலிமையால் பிழைக்கவில்லை. மருந்து வந்த வேளையில் அவை இருந்த நிலையே அவற்றைக் காத்தது. பெருகும் கிருமியைத்தான் பெனிசிலின் கொல்கிறது. பெருகாமல் கிடந்தவை தப்பின என்று பிக்கர் கருதினார். பெனிசிலின் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கட்டட வேலையே நடக்காத இடத்தில் கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்துவதால் யாது கேடு விளையும்? பிக்கரின் கருத்து அதனால் மேலும் வலுப்பெற்றது.

மருந்தை விட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றும் அவர் யோசனை கூறினார். இடைவெளியில் உறங்கியவை எழும். எழுந்தவற்றை அடுத்த வேளை மருந்து கொல்லும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கு பின்னர்ப் பெற்ற விடையைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் காணலாம்.

சொற்களைப் பிரித்தறிதல்

கருத்துத் தெளிவுக்குச் சொல் தெளிவு முதற்படி. மருந்து சூழ்ந்திருக்கும்போதே வளர்ந்து பெருகும் கிருமியிடம் இருப்பது எதிர்ப்பு. இது பெரும்பாலும் மரபுவழி இறங்குவது. வளராமல் இருந்து, மருந்தின் கையில் சாவைத் தள்ளிப் போடும் இயல்பு தாக்குப்பிடித்தல். ஒரு கூட்டத்தில் பெரும்பகுதி விரைவில் மடிய, மிகச் சிறு பகுதி மட்டும் அவ்வாறு தாக்குப்பிடித்து நிற்பது எஞ்சுதல். கொட்டும் மழையில் நனைந்துகொண்டே வேலை செய்பவன் முதல் வகை. மழை விடும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவன் பின்னவை இரண்டற்கும் உவமை.

ஆராய்ச்சியாளரும் நெடுங்காலம் இச்சொற்களை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கிவந்தனர். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் உள்ள அஸ்கோனாவில் 121 ஆய்வாளர்கள் கூடி இப்பொருளை விவாதித்தனர். அதன் பயனாக விளைந்த வரையறைகள் 2019இல் வெளிவந்தன. ஒரு துறையினர் தம் சொற்களைத் தாமே திருத்திக்கொள்ள முன்வந்தது பாராட்டத்தக்கது. அத்திருத்தம் அவசியமாயிற்று என்பதற்கு அதற்கு முன் நிகழ்ந்த ஒரு சரிவும் சான்று கூறும்.

சரிந்த கோட்பாடு ஒன்று

கிருமிகள் தமக்குள்ளேயே சில நச்சுப் புரதங்களையும் அவற்றுக்கு மாற்றான புரதங்களையும் உண்டாக்குகின்றன. மாற்றுப் புரதம் அழிந்தால் நஞ்சு விடுபட்டுக் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும். கென் கெர்டெஸ் என்பாரின் ஆய்வுக்குழு, ஈ. கோலி என்னும் குடல் கிருமியில் இத்தகைய பத்து நஞ்சுகளை ஒவ்வொன்றாக நீக்கியபோது எஞ்சும் கிருமிகளின் தொகை படிப்படியாகக் குறைந்தது என்று 2011இல் அறிவித்தது. 2013இல் அதற்கு மேலும் விரிவான விளக்கம் தந்தது. கோட்பாடு அழகாக இருந்தது. பல ஆய்வுக்கூடங்கள் அதன்மேல் தம் ஆராய்ச்சியைக் கட்டின.

2017இல் அதே குழு தன் கிருமி வகைகளை மறு ஆய்வு செய்தது. நஞ்சு நீக்கிய கிருமிகளுக்குள் பை80 என்னும் வைரஸ் அறியாமல் நுழைந்து குடிகொண்டிருந்தது தெரியவந்தது. தொகை குறைந்ததற்கு நஞ்சு நீக்கம் காரணம் என்று இனிச் சொல்ல இயலவில்லை. இரு கட்டுரைகளும் 2018இல் திரும்பப் பெறப்பட்டன. தன் பெயர் பெற்ற முடிவைத் தானே சோதித்துத் தானே வெளிப்படுத்தியது அக்குழுவுக்கு இழிவன்று. அறிவியலுக்கு உரிய பெருமையே ஆகும். ஆனால் இதில் பொதுவான பாடம் ஒன்று உண்டு. எண்கள் ஒத்துவருகின்றன, கதை அழகாக அமைகிறது என்பதால் காரணம் கண்டாயிற்று என்று கொள்ளலாகாது. அடுத்து வந்த புரதக் கட்டி விளக்கத்தையும் இந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்த்தல் வேண்டும்.

புரதம் திரளும் விதம்

புரதம் ஒவ்வொன்றும் உரிய வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். மடிப்புக் குலைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். ரப்பர்ப் பாலில் அமிலம் சேர்ந்தால் அது உறைந்து கட்டியாவதை அறியாதார் இந்நாட்டில் இலர். ஏறத்தாழ அதைப் போன்றதே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உறைந்த ரப்பர் மீண்டும் பாலாவதில்லை. கிருமியின் புரதத் திரளோ மீண்டும் பிரியக்கூடியது. டிஎன்ஏகே, சிஎல்பிபி என்னும் இரு துணைப் புரதங்கள் சிக்குண்ட நூலைப் பிரிப்பதுபோல் அத்திரளைப் பிரித்தெடுக்கின்றன. அவ்வேலைக்கு ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் வேண்டும்.

2019ஆம் ஆண்டில் பீகிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபான் பாய் முதலியோர் 'மாலிக்யூலர் செல்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை எஞ்சுதலோடு இணைத்தது. கிருமிக் கூட்டத்தை மொத்தமாக எண்ணாமல் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே உருப்பெருக்கியின்கீழ் அவர்கள் கவனித்தனர். மருந்தை நீக்கிய பின் பிழைத்தவை எல்லாம் ஒரே வேளையில் எழவில்லை. சில விரைவில் எழுந்தன. சில நெடுநேரம் கழித்தே எழுந்தன. உறக்கத்துக்கு ஆழம் உண்டு என்று அவர்கள் கூறியது இதனால்தான். ஏ.டி.பி. குறைந்த கிருமிகளில் புரதத் திரள் தோன்றியது; அது ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து காணப்பட்டது; திரள் பிரிந்த பின்னரே கிருமி வளரத் தொடங்கியது.

இவ்வாராய்ச்சியின் தலைசிறந்த பேறு யாது? எஞ்சியது, மடிந்தது என்று இரண்டாகப் பிரித்து எண்ணியதோடு அமைதியுற்ற துறைக்கு, எவ்வளவு ஆழம் என்று அளக்க ஒரு கோல் கொடுத்ததே ஆகும். தேர்வில் வென்றவன், தோற்றவன் என்பதோடு நில்லாமல் மதிப்பெண்ணையும் காட்டியது போன்றது அது.

தலைப்பும் சுருக்கமும்

ஆயினும், கட்டுரையின் தலைப்பையும் அதன் முகப்பில் உள்ள சுருக்கத்தையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். புரதத் திரட்சி உறக்கத்தின் ஆழத்தை ஒழுங்குபடுத்துகிறது என்கிறது தலைப்பு. திரள் உறக்க ஆழத்துக்கு முக்கியமான ஓர் அறிகுறி என்கிறது சுருக்கம். ஒழுங்குபடுத்துவது வேறு, அறிகுறியாவது வேறு. சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. கூவல் விடியலுக்கு அறிகுறி என்பது உண்மை. சேவல்தான் பொழுதை விடியச் செய்கிறது என்பார் உண்டோ?

இங்கே ஐயத்துக்கு இடமான பொருள் ஏ.டி.பி. சக்திப் பொருள் குறைந்தால் புரதம் திரளும். அதே குறைவினால் கிருமியின் மற்ற வேலைகளும் ஓயும். 2016இல் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியில் எஞ்சுதல் ஏ.டி.பி. குறைவோடு தொடர்புடையது என்று காட்டிய ஆராய்ச்சி, அதற்குப் புரதத் திரளைத் துணைக்கு அழைக்கவில்லை. ஒரே தாய்க்குப் பிறந்த இரு பிள்ளைகளைத் தந்தையும் மகனும் என்று கொண்டுவிடும் பிழை இவ்விடத்தில் எளிதில் நேரக்கூடும்.

நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். பெல்ஜியத்தில் லூவன் நகர ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இவ்வையத்தை ஓரளவு குறைக்கிறது. பட்டினி கிடக்கும் ஈ. கோலி கிருமிகளில் திரள் படிப்படியாக முதிர்வதை அவர்கள் தொடர்ந்து கண்டனர். எஞ்சும் கிருமிகளிடம் இளந்திரள் இருந்தது. உயிர் இருந்தும் வளர்ப்பு ஊடகத்தில் வளர மறுக்கும் இன்னும் ஆழ்ந்த நிலைக்குச் சென்றவற்றிடம் முதிர்ந்த திரள் இருந்தது. மேலும், எஞ்சுதலோடு தொடர்புடையதாக முன்பே அறியப்பட்ட ஓபிஜிஈ என்னும் புரதம் திரட்சியைத் தூண்டியே தன் வேலையைச் செய்கிறது என்றும் காட்டினர். திரளை முன்னே தூண்டினால் உறக்கமும் மாறுகிறது என்பது வெறும் அறிகுறியைவிட வலிய சான்று.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எட்டத்தக்க தீர்ப்பு இதுவே: திரளைப் பிரிக்காமல் கிருமி எழ முடியாது என்பதற்குச் சான்று உறுதியாக உள்ளது. திரள்தான் எல்லாக் கிருமிகளையும் உறங்க வைக்கிறது என்பதற்கு அத்துணை உறுதி இல்லை. அதைத் தாலாட்டு என்பதைவிடத் தாழ்ப்பாள் என்பது பொருந்தும்.

மூப்பா, காப்பா?

இதே புரதத் திரளைப் பற்றி 2008இல் பாரிஸ் நகர ஆய்வாளர் சிலர் வேறொரு கதை கூறினர். ஈ. கோலி இரண்டாகப் பிரியும்போது திரள் பழைய முனையை உடைய பாதியிடமே தங்குகிறது; அது மெதுவாக வளர்கிறது; திரள் இல்லாத பாதி இளமையோடு புறப்படுகிறது. அவர்கள் கண்ணுக்குத் திரள் மூப்பின் சுமை. 2018இல் லூவன் ஆய்வாளர்கள், திரளை மரபுரிமையாகப் பெற்ற கிருமி அடுத்து வரும் தாக்குதலை நன்கு தாங்குகிறது என்றனர். அவர்கள் கண்ணுக்குத் திரள் பழைய துன்பத்தின் நினைவு. 2019இல் அதுவே உறக்கத்தின் அளவுகோலாயிற்று.

மூன்றும் பொய்யாக வேண்டியதில்லை. ஒரே மூட்டை சுமப்பவனை மெதுவாக நடக்கச் செய்யும். வெள்ளத்தில் அவன் அடித்துச் செல்லப்படாமலும் காக்கும். ஆனால் ஒவ்வொரு குழுவினரும் தத்தம் கேள்விக்கு ஏற்ற பெயரைத் திரளுக்குச் சூட்டினர் என்பதைப் படிப்போர் மறத்தலாகாது.

உறக்கம் என்னும் சொல்லுக்கும் இக்கருத்து பொருந்தும். 2013ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று, வளராத கிருமிகளில் பெரும்பாலானவை மருந்தில் எஞ்சவில்லை, வளர்ந்துகொண்டிருந்தவற்றிலும் சில எஞ்சின என்று ஈ. கோலியிடம் கண்டது. அதே ஆண்டில், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஸ்மெக்மாட்டிஸ் என்னும் கிருமியை ஐசோனியசிட் மருந்தில் இட்டுப் பார்த்த வாகமோட்டோ முதலியோர், எஞ்சியவை உறங்கவே இல்லை என்றனர். அவை பிரிந்துகொண்டும் மடிந்துகொண்டும் இருந்தன. பிறப்பும் இறப்பும் சரிநிகராக இருந்ததால் தொகை நிலைத்தது. ஐசோனியசிட்டை வீரியப்படுத்தும் நொதி அவ்வப்போது மட்டும் தோன்றியதால் சில தப்பின. ஆகவே எஞ்சியவை யாவும் உறங்கியவை என்பதும், உறங்கியவை யாவும் எஞ்சும் என்பதும் தவறு.

'உத்தி' என்னும் சொல்

2021இல் வெளிவந்த தொகுப்புக் கட்டுரை ஒன்று, மருந்துக்குத் தப்பக் கிருமிகள் கையாளும் உத்தி என்று புரதத் திரட்சியைத் தன் தலைப்பிலேயே குறித்தது. கற்றோர் தமக்குள் இச்சொல்லைச் சுருக்கக் குறியாகப் பயன்படுத்துவர். அதன் எல்லையும் அவர்க்குத் தெரியும். அதே சொல் செய்தித்தாளுக்கும் வகுப்பறைக்கும் வரும்போது, கிருமி சதி செய்கிறது, காத்திருந்து பழிவாங்குகிறது என்று உருமாறிவிடுகிறது. கிருமிக்குத் திட்டம் இல்லை. சக்தி குன்றியது, புரதம் திரண்டது, தற்செயலாக அவ்வேளையில் மருந்து வந்தது, சில தப்பின. தப்பியவை பல தலைமுறை பெருகியதால் அந்த இயல்பு நிலைபெற்றிருக்கலாம். அவ்வாறு நிலைபெற்றதா, அல்லது திரட்சி பட்டினியின் பக்க விளைவு மட்டும்தானா என்பதே விடை காணவேண்டிய கேள்வி. உத்தி என்று பெயரிட்டுவிட்டால் கேள்வி கேட்கப்படும் முன்பே விடை எழுதப்பட்டுவிடுகிறது.

நோயாளிக்கு உரிய நீதி

பிக்கரின் யோசனைக்கு வருவோம். 2014இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈ. கோலிக்கு நாள்தோறும் ஆம்பிசிலின் மருந்தை 3 மணி, 5 மணி, 8 மணி நேரம் என மூன்று வகையாகக் கொடுத்து வந்தனர். 3 மணி நேரம் மருந்து பெற்ற கூட்டத்தில், அந்நேரம் கழித்து எழும் கிருமிகள் பெருகின; 8 மணி நேரம் பெற்ற கூட்டத்தில் அதற்கேற்ப நெடிது உறங்குபவை பெருகின. மணியடிக்கும் நேரத்தை ஒட்டியே உறக்கத்தின் நீளம் அமைந்தது. இங்கே உறக்கத்தின் நீளம் மரபில் ஏற்பட்ட மாற்றத்தால் கூடியது. 2017இல் அதே ஆய்வுக்கூடம், இத்தகைய தாக்குப்பிடித்தல் மரபுவழி எதிர்ப்புத் தோன்றுவதற்கு முன்படியாக அமைகிறது என்று காட்டியது. ஒழுங்கான இடைவெளி கிருமியைப் பழக்கிவிடும் என்பதைப் பிக்கர் எண்ணியிருக்க வழியில்லை.

காசநோயில் இவ்வுண்மை இன்னும் பழையது. 1956இல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மெக்கூன், மெக்டெர்மட் ஆகியோர் நோயுற்ற எலிகளுக்குப் பைரசினமைடும் ஐசோனியசிட்டும் 12 வாரம் கொடுத்தனர். அதன்பின் எலிகளின் உறுப்புகளிலிருந்து ஒரு கிருமியையும் வளர்த்தெடுக்க முடியவில்லை. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் சென்றபின், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமி மீண்டும் தலைகாட்டியது. அந்த எலிகள் ஒரு வேளை மருந்தையும் தவறவிட்டவை அல்ல.

காசநோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் 6 மாதச் சிகிச்சை, விரைவில் மடியாத இத்தகைய கிருமிகளையும் எண்ணியே அத்துணை நீண்டது. நலம் தெரிந்ததும் மருந்தை விட்டுவிடுவது கேடு என்ற அறிவுரை, அந்நோயைப் பொறுத்தவரை இன்றும் சரியே. ஆனால் அதன் மறுதலையாக, நோய் திரும்பியவர் எல்லாம் மருந்தை விட்டவர் என்று முடிவு கட்டுவது அறிவியலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. நோயின் துன்பத்தோடு பழியின் துன்பத்தையும் ஏழை நோயாளி சுமக்க வேண்டியதில்லை.

புரதத் திரளைக் குலைக்கும் மருந்தோ, உறங்கும் கிருமியை எழுப்பிவிட்டுக் கொல்லும் மருந்தோ வருங்காலத்தில் கிடைக்கலாம் என்று ஆய்வாளர் நம்புகின்றனர். நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் இதுவரை கூறிய கண்டுபிடிப்புகளுள் பெரும்பாலானவை, கண்ணாடிக் கலத்தில், ஈ. கோலி என்னும் ஒரே கிருமியிடம், பட்டினி போன்ற சில நிலைகளில் மட்டும் பெறப்பட்டவை. மனிதனின் நுரையீரலிலும் எலும்பிலும் சிறுநீர்ப்பையிலும் கிருமி எதிர்கொள்ளும் நிலைகள் பல. கலத்தில் கண்டதைக் கட்டிலில் கிடப்பவனுக்கு உரித்தாக்கும் முன், ஏ.டி.பி.யைக் குறைக்காமல் திரளை மட்டும் உண்டாக்கியும், ஏ.டி.பி. குறைந்த நிலையில் திரளை மட்டும் தடுத்தும் பார்க்கும் சோதனைகள் பல கிருமிகளிடம், பல ஆய்வுக்கூடங்களில் நிகழ்தல் வேண்டும்.

2018இல் தன் பிழையைத் தானே களைந்த துறை இது. அதே கண்டிப்பைப் புரதத் திரள் விளக்கத்திடமும் காட்டுமாயின், அவ்விளக்கம் நிலைத்தாலும் சரி, திருந்தினாலும் சரி, ஆதாயம் நோயாளிக்கே.